முப்பத்தெட்டு நிமிடம்

எர்ணாவூரிலிருந்து ஜீரோ கேட் வரைக்கும்
ட்ரெய்லர்கள் நிற்கிற வரிசையை
நான் கிலோமீட்டரில் சொல்வதில்லை.
நேற்று நாலு ‘அமர்ந்த தண்ணீர்’.
தீபாவளிக்கு முந்தின வாரம் பதினேழு.

ஒரு தண்ணீர் என்பது முப்பத்தெட்டு நிமிடம்.
பதினோரு உருப்படி, ஒரே கிதார்.
குரல் இல்லை, தாளத்துக்கு ஒரு தட்டு கூட இல்லை.
வாசித்தவர் ஹெர்பர்ட் மாசிலாமணி.
வாரத்தில் ஆறு நாள் ஐ.சி.எஃப்பில்
ரயில்பெட்டிக்கு ஜன்னல் பொருத்தினார்,
ஏழாம் நாள் பெரம்பூர் சர்ச் ஒன்றில்
தூண் மறைக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து
வாசித்தார்.
தொண்ணூற்று மூன்றில் ஐநூறு கேசட் அடித்தாராம்.
முந்நூறு கட்டிலுக்கடியிலேயே கிடந்து
பதினைந்தாம் வருஷத்து வெள்ளத்தில் போனதாம்.
அந்தத் தண்ணீர் அமரவில்லை.

எனக்குக் கிடைத்தது
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்த ஒரு மத்தியானம்.
மெக்கானிக் நிஜாமுதீன்
காயலான் லாரி ஒன்றின் டேஷ்போர்டைக் கழற்ற,
உள்ளே எலிப்புழுக்கை, ஒரு ஸ்பேனர், இது.
அட்டையில் ஆடு, புல், நீல மையில் ஒரு குளம்.
எங்கள் பக்கம் அமர்ந்த தண்ணீர் என்றால்
பக்கிங்காம் கால்வாய்தான்.
கல்லைப் போட்டாலும் வளையம் விரியாது.
சிரித்துக்கொண்டேதான் போட்டோம்.
முதல் உருப்படி முடிகிறபோது
யார் சிரித்தது என்று ஞாபகமில்லை.

எனக்குச் சாமி என்றால் அங்காள பரமேஸ்வரி.
அதில் மாற்றமில்லை.
மூன்றாவது உருப்படியை, கெத்செமனே என்றார்
டோல்கேட்டில் லிஃப்ட் கேட்டு ஏறிய போதகர்.
மழை விடப் போகுது என்றான் நிஜாமுதீன்.
‘பேசின் பிரிட்ஜ்ல ரயிலை நிறுத்தி வெச்சிருக்காங்கப்பா,
வீடு தெரியுது, இறங்க முடியல’
என்றாள் மகள் கார்குழலி.
சொல் இருந்திருந்தால்
மூவரில் இருவருக்காவது மறுப்புச் சொல்லியிருக்கும்.

ஐந்தாவதில் ஓர் இடம்.
டேப் சிக்கி, பென்சில் விட்டுச் சுற்றி எடுத்த இடம்.
சுரம் அங்கே ஒரு நொடி குழைந்து
முங்கி
எழும்.
பென்டிரைவுக்கு மாற்றியபோது
அந்த முங்கலும் கூடவே ஏறிக்கொண்டது.
ஃபைனான்ஸ்காரன் வண்டியைத் தூக்கிப்போன ராத்திரி
மெயின் ரோட்டில் நின்று போனில் கேட்டேன்.
நானும் அங்கேதான் முங்கினேன்.

போன பங்குனியில் விசாரித்து விசாரித்து
பேப்பர் மில்ஸ் ரோட்டுக்குப் பின்னால் வீட்டைப் பிடித்தேன்.
அவரிடம் ஒரு கேசட் கூட இல்லை.
குக்கர் விசில் அடங்கட்டும் என்றார்.
போனை மேஜையில் வைத்துப் போட்டேன்.
நாலாவதில் முகம் சுளித்தார்:
‘ரெண்டாம் கம்பி இறங்கியிருக்கு. அன்னைக்கே தெரியும்.’
ஐந்தாவதில் அந்த இடம் வந்தது.
தலையைத் தூக்கினார்.
‘இதை நான் வாசிக்கலையே.’
அடுத்தவர் வீட்டுச் சுவரில் ஆணியடித்தவன் மாதிரி
பென்சில் கதையைச் சொன்னேன்.
‘திரும்பப் போடுங்க.’
மூன்று தடவை.
இடது கை விரல்கள் முழங்கால்மேல்
அந்தக் குழைவைத் தேடித் தேடி அழுத்தின.
‘வர மாட்டேங்குது’ என்றார்.
குரலில் அத்தனை சந்தோஷம்.

கிளம்பும்போது கேட்டார்,
‘பதினாறு வருஷமா இதே பதினொண்ணா? சலிக்கல?’
என்னென்னவோ சொல்ல நினைத்து
‘வரிசை அவ்ளோ நீளம் சார்’ என்றேன்.

இப்போது எட்டாவது ஓடுகிறது.
மணலிப் பக்கமிருந்து கேஸ் வாடை.
காசிமேட்டு ஐஸ் வண்டி ஒன்று குறுக்கே புகப் பார்க்கிறது.
முன்னால் நிற்கிற கண்டெய்னரின் சிவப்பு விளக்கு அணைந்து
ஒரு வண்டி நீளம் நகர்கிறது.
முதல் கியர் விழுகிற சத்தத்தில்
ஒரு மீட்டு எப்போதும் காணாமல் போகும்.
விரல் அதை
ஸ்டியரிங்கில் தட்டிவிட்டு
பிடித்துக்கொள்கிறது.